‘கட்’ ஆகும் அழைப்பு பிறந்த கதை

தம்மம்பட்டிக்கு மேற்கே கொல்லிமலை, கிழக்கே பச்சைமலை. இரண்டுக்கும் நடுவே, சுவேத நதிக்கரையில் ஊர். மரச்சிற்பத்துக்குப் பேர்போன ஊர். எந்த மரம், எத்தனை அடி உயரம், யாளியா அன்னமா, தை மாதத்துக்குள் முடியுமா என்று வெளியூர்க்காரர்கள் சிற்பிகளிடம் பேசி முடிப்பதெல்லாம் இன்று கைபேசியில்தான். மரவள்ளிக் கிழங்குக்கு விலை கேட்பதும் அதில்தான், பிரசவ வலி எடுத்தவளுக்கு 108ஐ அழைப்பதும் அதில்தான். அந்தப் பேச்சு பாதியில் அறுந்தால் இந்தப் பக்கத்தில் யாரும் பெரிதாக அலட்டிக்கொள்வதில்லை. “மாமா, கட் ஆயிடுச்சு, மறுபடி போடறேன்” என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறோம். மலை இருக்கிறது, டவர் போகிறது, என்ன செய்வது என்று பழகிவிட்டோம்.

அப்படிப் பழகிக்கொள்ளக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். அழைப்பு அறுவது மழை பெய்வதைப் போலத் தானாக நடப்பது அல்ல. அதற்குப் பிறந்த ஊர் உண்டு, பிறந்த ஆண்டு உண்டு. எந்த நொடியில் அறுக்க வேண்டும் என்று முன்கூட்டியே ஒருவர் எழுதிவைத்த எண்கூட உண்டு.

1946 ஜூனில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில், காரிலிருந்து பேசும் தொலைபேசிச் சேவையை பெல் நிறுவனம் தொடங்கியது. நகருக்கு நடுவில் உயரமான ஒரே ஆன்டெனா, அதிக சக்தி, ஊர் முழுவதற்கும் அதுவே. ஒரே நேரத்தில் பேச முடிந்தது விரல் விட்டு எண்ணக்கூடிய சிலரால் மட்டுமே. ஒரு அலைவரிசையை ஒருவர் பிடித்துவிட்டால் அந்த நகரத்தில் வேறு யாரும் அதைத் தொட முடியாது. அந்த ஏற்பாட்டில் அழைப்பு அறுவதற்கு இருந்த முக்கியமான வழி ஒன்றுதான்: காரை ஓட்டிக்கொண்டு நகரத்தைவிட்டே வெளியே போக வேண்டும். சில பேருக்கு மட்டும் போதும் என்றால் அது நல்ல ஏற்பாடு. எல்லோருக்கும் வேண்டும் என்றால் ஆகாது.

அடுத்த ஆண்டு, 1947 டிசம்பர் 11 தேதியிட்டு, பெல் ஆய்வகப் பொறியாளர் டக்ளஸ் ரிங் ஓர் உள்சுற்றுக் குறிப்பு எழுதினார். சக பொறியாளர் வில்லியம் ரே யங்கின் யோசனையும் அதில் சேர்ந்திருந்தது. பெரிய ஆன்டெனா ஒன்றுக்குப் பதில் சக்தி குறைந்த சின்ன ஆன்டெனாக்கள் பல. ஒவ்வொன்றுக்கும் ஓர் அறுகோண வட்டாரம். பக்கத்து வட்டாரங்களுக்கு வெவ்வேறு அலைவரிசை. கொஞ்சம் தள்ளியிருக்கும் வட்டாரத்தில் பழைய அலைவரிசையே மறுபடியும். இப்படிச் செய்தால் கையிலுள்ள கொஞ்சம் அலைவரிசையை வைத்தே லட்சக்கணக்கானோர் பேசலாம். இன்று உலகம் முழுக்கப் பேசுவது இந்த ஒரு யோசனையின் மேல் நின்றுதான்.

ஆனால் வட்டாரம் பிரித்தால் எல்லை வந்துவிடுகிறது. பேசிக்கொண்டே எல்லையைத் தாண்டுகிறவரை இந்த டவர் அந்த டவரிடம் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைக்கத் தவறினால் பேச்சு அறும். நாம் இன்று படும் பாட்டின் வித்து அந்தக் காகிதத்திலேயே விழுந்துவிட்டது. பேசுகிறவர் எந்த வட்டாரத்தில் இருக்கிறார் என்று கண்டுபிடித்து, பேச்சு நிற்காமல் வேறு அலைவரிசைக்கு மாற்றும் கருவி அன்று உலகில் கிடையாது. கணினியே அப்போது தொட்டில் குழந்தை. யோசனை இருபது ஆண்டுக்கு மேல் காத்துக் கிடந்தது.

முதன்முதலில் பொதுமக்கள் காசு கொடுத்துப் பயன்படுத்திய கைமாற்றம் நடந்தது காரில் அல்ல, ரயிலில். 1969 ஜனவரியில் நியூயார்க்குக்கும் வாஷிங்டனுக்கும் இடையே ஓடத் தொடங்கிய மெட்ரோலைனர் ரயிலில் காசு போட்டுப் பேசும் தொலைபேசிகளை வைத்தார்கள். வழித்தடத்தை ஒன்பது மண்டலங்களாகப் பிரித்தார்கள். தண்டவாளத்தின் ஓரத்திலிருந்த உணர்கருவிகள் ரயில் வந்துவிட்டது என்று ஃபிலடெல்ஃபியாவிலிருந்த கட்டுப்பாட்டு மையத்துக்குச் சொல்லும். அங்கிருந்து பேச்சு அடுத்த மண்டலத்துக்கு மாறும். ரயில் எந்த வழியாகப் போகும் என்பது முன்பே தெரியும், அதனால் இது முடிந்தது. துறையூர் சாலையில் மொபெட்டில் போகிறவர் எந்தத் திருப்பத்தில் இடதுபக்கம் ஒடிப்பார் என்று எந்தத் தண்டவாளம் சொல்லும்?

அந்தக் கேள்விக்கு விடை எழுதியவர்களில் முக்கியமானவர் ஏமஸ் ஜோயல். தொலைபேசி எக்ஸ்சேஞ்சுகளை வடிவமைப்பதில் ஊறிய பெல் ஆய்வகப் பொறியாளர். 1970 டிசம்பரில் அவர் விண்ணப்பித்த காப்புரிமை 1972 மே 16 அன்று வழங்கப்பட்டது. பேசிக்கொண்டிருக்கும் அழைப்பை அறுக்காமல் ஒரு வட்டாரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றித் தருவதற்கான சுவிட்ச் ஏற்பாடு அதில் இருந்தது. அதே காலத்தில் ரிச்சர்ட் ஃபிரெங்கியல், ஜோயல் எங்கல், ஃபிலிப் போர்ட்டர் ஆகியோர் வட்டாரங்களை எப்படி அடுக்குவது என்று கணக்குப் போட்டார்கள். 1978இல் சிகாகோவில் பத்து வட்டாரங்களோடு சோதனை தொடங்கியது. 1979இல் ஜப்பான் முந்திக்கொண்டு வணிகச் சேவையைத் தொடங்கியது. சிகாகோவில் பொதுச் சேவை 1983 அக்டோபர் 13 அன்று வந்தது.

அந்த முதல் தலைமுறையில் முடிவெடுத்தது டவர் மட்டும்தான். சுற்றியுள்ள டவர்கள் ஒட்டுக்கேட்டு, யாருக்கு இந்தக் குரல் நன்றாகக் கேட்கிறது என்று பார்க்கும். பிறகு பழைய டவர், ‘இந்த அலைவரிசைக்கு மாறு’ என்று போனுக்கு ஒரு கட்டளை அனுப்பும். அந்தக் கட்டளை போகும் கணத்தில் பேச்சு லேசாகத் துண்டாகி ஒட்டும். கட்டளை அனுப்புவதில் தாமதித்தால், அது போய்ச் சேரும் முன்பே பழைய டவரின் சத்தம் மங்கிவிடும், அழைப்பு செத்துவிடும். முன்கூட்டியே அனுப்பினால் புதிய டவர் இன்னும் சரியாகக் கேட்காது. கட்டட வேலையில் செங்கலைக் கைமாற்றும் ஆட்களைப் போல, ஒருவர் விடும் கணமும் மற்றவர் பிடிக்கும் கணமும் ஒன்றாக இருக்க வேண்டும். இந்தத் துறையின் பாதி வித்தை இந்தக் கணத்தைப் பிடிப்பதுதான்.

1991 ஜூலை 1 அன்று பின்லாந்தில் முதல் ஜிஎஸ்எம் அழைப்பு போனது. நாம் 2ஜி என்று சொல்வது இதைத்தான். இதில் போனையும் வேலையில் சேர்த்துக்கொண்டார்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே போன் பக்கத்து டவர்களைக் கேட்டு, நன்றாகக் கேட்கும் ஆறு டவர்களின் அளவை ஏறக்குறைய அரை வினாடிக்கு ஒருமுறை, துல்லியமாக 480 மில்லி வினாடிக்கு ஒருமுறை, டவருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். அரட்டை அடித்துக்கொண்டு நாம் நடக்கும்போது நம் கையிலுள்ள கருவி இப்படி ஓயாமல் வேவு பார்த்துக்கொண்டிருக்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்பான விஷயம்.

ஆனால் போன் எல்லா டவரையும் கேட்பதில்லை. எவற்றைக் கேட்க வேண்டும் என்று டவர் ஒரு பட்டியல் தரும். பொறியாளர்கள் அதை ‘நெய்பர் லிஸ்ட்’ என்பார்கள். பட்டியலில் இல்லாத டவர் கண்ணெதிரே நின்றாலும் போன் அதற்கு மாறாது. புதிதாக ஒரு டவர் வைத்துவிட்டு, பழைய டவரின் பட்டியலில் அதைச் சேர்க்க மறந்தால் போதும். அந்த எல்லையில் போகிறவர் ஒவ்வொருவரின் அழைப்பும் ஒரே இடத்தில் அறும். ‘இங்க வந்தாலே கட்டாயிரும்’ என்று ஊர்க்காரர்கள் சொல்லும் இடங்களில் சிலவற்றுக்குக் காரணம் மலையே அல்ல, விட்டுப்போன ஒரு வரிதான். 4ஜி வந்த பிறகு இந்தப் பட்டியலை வலைப்பின்னல் தானே கற்றுக்கொள்ளும் வசதி வந்தது. அது இருந்தும் கண்காணிக்க ஆள் வேண்டியிருக்கிறது.

மலையும் காரணம்தான், இல்லையென்று சொல்லவில்லை. கொல்லிமலையின் சரிவு டவருக்கும் போனுக்கும் குறுக்கே வந்தால் அலை நிழலில் விழுகிறது. குறைந்த அலைவரிசை முகட்டைச் சற்று வளைந்து தாண்டும், கூடிய அலைவரிசைக்கு அந்தத் திறன் குறைவு. மலை இன்னொரு வேலையும் செய்யும், இதைப் பலர் யோசிப்பதில்லை. உயரத்தில் வைத்த டவரின் அலை, தன் வட்டாரத்தைத் தாண்டி வெகுதூரம் கீழே சமவெளியில் போய் விழும். அங்கே நிற்பவரின் போனில் புள்ளிகள் நிறையத் தெரியும், அவரும் மகிழ்ச்சியாகப் பேசத் தொடங்குவார். ஆனால் அவரைச் சுற்றியுள்ள உள்ளூர் டவர்கள் எதுவும் அந்த மலை டவரின் பட்டியலில் இருக்காது. நாலடி நகர்ந்து ஒரு கட்டடத்தின் மறைவுக்குப் போனால் ஒப்படைக்க ஆளில்லாமல் அழைப்பு அநாதையாகச் சாகும். புள்ளி நிறைய இருந்தும் கட் ஆகிறதே என்று நாம் புலம்புவதன் பின்னால் இப்படியும் ஒரு கதை இருக்கலாம்.

பொறியாளர்கள் இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி வைத்திருக்கிறார்கள். 2ஜியில் டவருக்கும் போனுக்கும் உள்ள தூரத்தை ஏறக்குறைய 550 மீட்டர் படிகளாக டவர் அளந்து வைக்கும். பூஜ்யத்திலிருந்து 63 படி வரை. அதனால்தான் 2ஜி டவர் சாதாரணமாக எட்டும் தூரம் 35 கிலோமீட்டரோடு நின்றுவிடுகிறது. ஊருக்குள் இரண்டு கிலோமீட்டர் பார்க்க வேண்டிய டவரின் கணக்கில் முப்பதாவது படியில் ஆட்கள் தெரிந்தால், அது எல்லை மீறுகிறது என்று பொருள். அப்போது ஆன்டெனாவை இரண்டு மூன்று டிகிரி கீழே சாய்ப்பார்கள். ‘டில்ட் பண்றது’ என்பது இதுதான். புது டவரே இல்லாமல், டவர் மேல் ஏறிய ஒருவரின் ஒரு நாள் வேலையில் தீர்ந்துபோகும் தொல்லை இது.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். ஒரே அலைவரிசையில் பேசும் தூரத்து டவரின் குறுக்கீடு. அனுமதியில்லாமல் வீட்டு மொட்டைமாடியில் மாட்டிய பூஸ்டர் எழுப்பும் இரைச்சல். அடுத்த டவரில் காலி இடம் இல்லாமை. சாலை வேலையில் ஜேசிபி தோண்டி அறுத்த ஃபைபர். மின்சாரம் போய் பேட்டரியும் தீர்ந்த டவர். இரண்டு டவர்களும் சமபலத்தில் இருந்து போனை மாறி மாறி இழுப்பது. எது என்று கண்டுபிடிக்க ‘டிரைவ் டெஸ்ட்’ எடுப்பார்கள். காரில் லேப்டாப், அதில் கோத்த நாலைந்து போன், ஜிபிஎஸ். அழைத்துக்கொண்டே சாலை நெடுக ஓட்டுவார்கள். எந்த வளைவில், எந்த டவரில், எந்தக் கட்டளைக்குப் பதில் வராமல் அறுந்தது என்று வரைபடத்தில் புள்ளி புள்ளியாக விழும்.

இனி அந்த எண்ணுக்கு வருகிறேன். 2ஜி போனுக்குள் ஒரு எண்ணி உண்டு. தொடங்கும்போது அதில் எவ்வளவு இருக்க வேண்டும் என்று வலைப்பின்னல் சொல்லும்: 4 முதல் 64 வரை, நாலு நாலாக. டவர் அரை வினாடிக்கு ஒருமுறை அனுப்பும் தகவல் போனுக்குப் புரியவில்லை என்றால் ஒன்று குறையும். புரிந்தால் இரண்டு கூடும், தொடக்க அளவைத் தாண்டாமல். பூஜ்யத்தைத் தொட்டதும் இணைப்பு அறுந்தது என்று போன் தீர்மானிக்கும். நாம் சொல்லும் ‘கட்’ என்பது அந்தப் பூஜ்யம்தான். ரேடியோ லிங்க் டைம்அவுட் என்று பெயர், சுருக்கமாக ஆர்எல்டி.

தொடக்க எண் 16 என்றால் முழு அமைதிக்குப் பிறகு ஏறக்குறைய எட்டு வினாடியில் அறும். 64 என்றால் முப்பது வினாடி ஆகும். மலைச்சரிவுச் சாலையில் நிழலுக்குள் போய் வெளியே வருகிறவருக்குக் கூடிய எண் உண்மையிலேயே உதவும், பேச்சு மீண்டுவிடும். ஆனால் முப்பது வினாடி யார் காத்திருப்பார்கள்? “ஹலோ, ஹலோ” என்று நாலு தடவை கூவிவிட்டு நாமே சிவப்புப் பொத்தானை அழுத்திவிடுவோம். அப்படி அழுத்தினால் கணக்கில் அது அறுந்த அழைப்பு அல்ல, ஒழுங்காக முடிந்த அழைப்பு. செத்தது செத்ததுதான், ஆனால் பதிவேட்டில் ஏறாது. இந்த எண்ணைக் கூட்டிவைத்து அறுந்த அழைப்புகளை மறைக்கிறார்கள் என்று 2016இல் இந்தியாவில் பெரிய சர்ச்சை எழுந்தது. நிறுவனங்கள் தாங்கள் எதையும் மறைக்கவில்லை என்று மறுத்தன. யார் சொன்னது சரி என்பதைவிட, அளக்கப்படுகிறவரின் கையிலேயே அளவுகோலின் திருகு இருக்கிறது என்பதுதான் என்னை உறுத்துகிறது.

இந்தியாவில் முதல் செல்பேசி அழைப்பு 1995 ஜூலை 31 அன்று கல்கத்தாவிலிருந்து போனது. முதல்வர் ஜோதி பாசு டெல்லியிலிருந்த தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமுடன் பேசினார். சென்னை நீங்கலான தமிழகத்தில் ஏர்செல் 1999இல் வந்தது, பிஎஸ்என்எல் செல்பேசி அதற்குப் பிறகு. அந்தக் காலத்தில் அழைப்பை எடுப்பவரும் காசு கொடுக்க வேண்டும், 2003 மே மாதத்தில்தான் அது நின்றது. நிமிடக் கணக்கில் காசு பிடித்த அந்த நாளில் ஒரு கட் என்பது புதிய நிமிடத்துக்கான காசு. 2009இல் வினாடிக் கணக்கு பரவிய பிறகு அந்த வலி குறைந்தது. காசு வலி குறைந்ததும் புகாரும் குறைந்தது என்றே நினைக்கிறேன்.

2015இல் அழைப்பு அறுவது நாடு தழுவிய பேச்சானது. அந்த ஆண்டு அக்டோபர் 16 அன்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் ஒரு விதி கொண்டுவந்தது: அறுந்த அழைப்பு ஒன்றுக்கு வாடிக்கையாளருக்கு ஒரு ரூபாய், ஒரு நாளைக்கு மூன்று வரை, 2016 ஜனவரி 1 முதல். நிறுவனங்கள் நீதிமன்றம் போயின. டெல்லி உயர்நீதிமன்றம் விதியை ஏற்றது. உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் குரியன் ஜோசப், ரோஹின்டன் நாரிமன் அமர்வு 2016 மே 11 அன்று அதை ரத்து செய்தது. நூற்றுக்கு இரண்டு அறுவதை டிராயின் தர விதியே அனுமதிக்கும்போது, அந்த வரம்புக்குள் இருக்கும் நிறுவனத்தையும் தண்டிப்பது எப்படி நியாயம் என்பது தீர்ப்பின் முக்கிய வாதங்களில் ஒன்று. சட்டப்படி அதில் பலம் இருக்கிறது. ஒரு ரூபாயைத் திருப்பித் தருவதால் எந்த ஆன்டெனாவும் சாயப்போவதில்லை என்பதும் உண்மை.

என் குறை அந்த ‘நூற்றுக்கு இரண்டு’ மேல்தான். ஐம்பது அழைப்புக்கு ஒன்று அறுந்தால் பரவாயில்லை என்பது அதன் பொருள். எந்த ஐம்பது? அன்று தமிழ்நாடு என்ற மொத்தச் சேவைப் பகுதியின் சராசரி அது. சேலத்திலும் கோவையிலும் நன்றாக ஓடும் கோடிக்கணக்கான அழைப்புகளுக்குள், முள்ளுக்குறிச்சி வழியாகக் கொல்லிமலை ஏறும் சாலையில் ஒரு வளைவில் அறும் எல்லா அழைப்புகளும் கரைந்து காணாமல் போயின. 2017இல் இதை உணர்ந்துதான், நூற்றுக்குத் தொண்ணூறு வட்டாரங்கள் (செல்கள்), நூற்றுக்குத் தொண்ணூறு நாள்களில் அந்த வரம்புக்குள் இருக்க வேண்டும் என்று டிராய் திருத்தியது. நல்ல திருத்தம். மீதிப் பத்து எங்கே இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஆள் நிறைந்த நகரத்தில் இருக்காது. மலையடிவாரத்தில், மாவட்ட எல்லையில், வருமானம் குறைந்த டவரில்தான் இருக்கும்.

2024 ஆகஸ்டில் டிராய் புதிய தர விதிகளை வெளியிட்டது, அவை அக்டோபர் 1 முதல் நடப்புக்கு வந்தன. காலாண்டுக் கணக்கு மாதக் கணக்காக மாற வேண்டும், எந்த இடத்தில் 2ஜி, 4ஜி, 5ஜி கிடைக்கும் என்று நிறுவனங்கள் வரைபடம் வெளியிட வேண்டும் என்பவை அதில் உள்ளன. இந்த வரைபடம் நம் கையில் கிடைத்த பெரிய ஆயுதம். நிறுவனம் பச்சை வண்ணம் அடித்திருக்கும் இடத்தில் நம் அழைப்பு அறுந்தால், அது மலையின் குற்றம் என்று இனி யாரும் சொல்ல முடியாது.

ஆகவே தம்மம்பட்டிக்காரர்களுக்கும், செந்தாரப்பட்டி, கெங்கவல்லி, நாகியம்பட்டிக்காரர்களுக்கும் சொல்வது இதுதான். ‘இங்கே டவர் சரியில்லை’ என்று மட்டும் புகார் சொல்லாதீர்கள், அதை வைத்துக்கொண்டு எந்தப் பொறியாளரும் எதையும் செய்ய முடியாது. எந்தச் சாலை, எந்த மைல்கல் அருகே, எந்தத் திசையில் போகும்போது, மணி என்ன, சத்தம் மங்கி அறுந்ததா, சட்டென்று அறுந்ததா, பேச்சு கேட்காமல் நீங்களே வைத்தீர்களா என்று குறித்துச் சொல்லுங்கள். ஒரே இடத்தில் அழைப்பு அறுகிறவர்கள் நாலைந்து பேர் சேர்ந்து, ஒரே வாரத்தில் சொல்லுங்கள். ஆளுக்கொரு புகார் எண் வாங்கிக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் மையம் தீர்க்கவில்லை என்றால் அந்த எண்ணோடு அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை, 39 நாளுக்குள் அவர் முடிவு சொல்லியாக வேண்டும்.